தெருவில் பெற்றோரும் பிள்ளையும்: ஒளிப்பட வரலாற்றில் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்

முன்னுரை

பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் இடையிலான அன்பு இல்லத்தில் வேர்கொள்வது. எனினும் இல்லமற்றோர்க்கும், பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தோர்க்கும், நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கும் அவ்வன்பின் பெரும்பகுதி தெருவிலேயே நிகழ்கிறது. வாசற்படியில் குழந்தைக்கு உணவூட்டுவதும், கூட்டத்தில் அதன் கையை இறுகப் பற்றுவதும், வேலைக்குச் செல்கையில் பிறரிடம் ஒப்படைத்துச் செல்வதும் பலர் காண நிகழ்பவை. பலர் காண நிகழ்வதனாலேயே அவை ஒளிப்படக் கருவிக்கும் எட்டின. தெரு ஒளிப்படக்கலை தோன்றிய நாள்தொட்டு அது மீண்டும் மீண்டும் நாடிய பொருள்களுள் இவ்வுறவும் ஒன்றாகும்.

இத்தகைய படங்களைப் பற்றிய பாராட்டுரைகள் பெரும்பாலும் அவை மனித விழுமியங்களைப் பதிவு செய்தன என்று கூறி அமைகின்றன. விழுமியம் என்பது படத்தில் தோன்றும் தாயிடத்தும் சேயிடத்தும் மட்டுமே உள்ளதா, அவர்களைப் பார்த்தவரிடத்தும் இருத்தல் வேண்டுமா என்னும் வினா அவற்றில் எழுவதில்லை. அவ்வினாவை முன்வைத்து, 1877 முதல் 1998 வரையிலான காலத்தைச் சார்ந்த சில படங்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. படம் எடுக்கப்பட்ட சூழல், படத்தில் இருப்பவரின் பெயர் பதிவான அல்லது பதிவாகாத நிலை, அவரது இசைவு, படம் பின்னர் பயன்பட்ட விதம் ஆகிய நான்கும் இங்கே நோக்கப்படுகின்றன. சங்க இலக்கியம் இவ்வுறவைப் பார்த்த முறை ஓர் ஒப்புநோக்காகக் கொள்ளப்படுகிறது.

சங்க இலக்கியத்தில் பார்வையின் உரிமை

உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்று தொல்காப்பியம் குறிக்கிறது. இழப்பும் வறுமையும் அழுகை பிறக்கும் களங்களுள் அடங்கும் என்பது மெய்ப்பாட்டியலின் வரையறை. ஒளிப்படக் கருவியால் உள்ளத்தைப் பதிவு செய்ய இயலாது. மெய்ப்பாட்டை மட்டுமே அது பதிவு செய்யும். ஆதலின் இக்கலையை ஆராய்வதற்கு மெய்ப்பாடு என்னும் கருத்து பொருத்தமான கருவியாக அமைகிறது.

குறுந்தொகை 44ஆம் பாடலில், உடன்போக்குச் சென்ற மகளைத் தேடிச் செல்லும் செவிலியின் துயரத்தை வெள்ளிவீதியார் அவளது தளர்ந்த கால்களைக் கொண்டும், பார்த்துப் பார்த்து ஒளியிழந்த கண்களைக் கொண்டும் காட்டுகிறார். அகநானூறு 16ஆம் பாடலில் தெருவில் தனித்து நிற்கும் சிறுவனைப் பரத்தை வாரி அணைக்கிறாள். அதைக் காணும் தலைவி சினவாமல், அவளும் அவனுக்குத் தாயே என்று ஏற்கிறாள். பெற்றவள் அல்லாத ஒருத்தியின் தாய்மையைத் தெருவில் வைத்துக் காட்டிய பாடல் இது.

இவ்வாய்வுக்கு இன்றியமையாதது புறநானூறு 164ஆம் பாடல். சமைப்பதையே மறந்துவிட்ட அடுப்பு, பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் குழந்தை, அதன் முகத்தை நோக்கிக் கண்ணீர் மல்கும் தாய், அவளது துயரத்தை நோக்கும் கணவன் எனப் பார்வைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. அக்கணவனே புலவர் பெருந்தலைச் சாத்தனார். அவர் குமணனிடம் பொருள் வேண்டி இதைப் பாடுகிறார். தாய், சேய் இருவர்க்கும் பெயரில்லை. ஆயினும் அவர்களைப் பார்த்தவர் அவ்வில்லத்தைச் சேர்ந்தவர். அப்பசி அவருடையதும் ஆகும். அதைப் பிறர்க்குச் சொல்லும் உரிமை அவர்க்கு அவ்வுறவினாலேயே வாய்த்தது.

தெரு ஒளிப்படத்தில் பார்ப்பவர் இல்லத்தைச் சேர்ந்தவர் அல்லர். வழிப்போக்கர், அரசு அலுவலர் அல்லது இதழியலாளர். அகத்திணை மாந்தர் இயற்பெயர் பெறாமைக்கு அவர்கள் புலவரால் படைக்கப்பட்டோராதல் காரணமாகலாம். படத்தில் இருப்போரோ பெயரும் ஊரும் உடைய உண்மை மனிதர்கள். இவ்விரு வேறுபாடுகளிலிருந்தே இக்கலையின் அறச்சிக்கல் தொடங்குகிறது.

ஏந்திய கை: இலண்டன், 1877

தொடக்கக் கால ஒளிப்படம் தெருவைப் பதிவு செய்ய வல்லதாக இருந்தும் தெருவில் நடப்போரைப் பதிவு செய்ய இயலாததாக இருந்தது. 1838இல் தகேர் எடுத்த பாரிசு நகரத்து அகன்ற வீதியின் படத்தில் வண்டிகளும் மக்களும் மறைந்துவிட்டனர். ஒளி படிய நெடுநேரம் வேண்டியிருந்தமையால், காலணியைத் துடைப்பதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவமே தெளிவாகப் பதிந்தது. அவ்வேளையில் அவ்வீதியில் பிள்ளையின் கைபற்றி நடந்தவர் இருந்திருப்பின் அவர் சுவடின்றிப் போயிருப்பார். அசையாதவரே அக்காலப் படத்தில் நிலைபெற்றனர். தெருவில் நெடுநேரம் அசையாதிருப்பவர் பெரும்பாலும் போக்கிடமற்றவர் என்பதால் வறியோரே முதலில் இக்கலையின் பொருளாயினர்.

கிழக்காசிய நாடுகளில் பயணம் செய்து படமெடுத்துத் திரும்பிய ஜான் தாம்சன், இதழாளர் அடால்ஃப் ஸ்மித்துடன் இணைந்து 1877 முதல் இலண்டன் தெருவாழ்வு குறித்த படத்தொகுதியை மாதப் பகுதிகளாக வெளியிட்டார். அதில் ஊர்ந்து செல்வோர் எனப் பொருள்படும் தலைப்பில் அமைந்த படம் குறிப்பிடத்தக்கது. செயின்ட் கைல்ஸ் பகுதியில் ஒரு வாசற்படியின் மூலையில் தளர்ந்து சாய்ந்திருக்கிறாள் ஒரு முதியவள். அவளது மடியில் ஒரு கைக்குழந்தை. படத்தை மட்டும் காண்பவர் அவளைப் பாட்டி என்றோ தாய் என்றோ கொள்வர். உடன் அமைந்த உரை வேறு செய்தியைத் தருகிறது. குழந்தையின் தாய் ஒரு காப்பிக்கடையில் வேலை செய்பவள். அவள் வேலை முடித்து வரும்வரை இம்முதியவள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு ஈடாக அவளுக்குக் கிடைப்பது சிறிது தேநீரும் ரொட்டியும்.

இப்படத்தில் தாய் இல்லை. ஆயினும் தாயின் அன்பு இருக்கிறது. குழந்தையை யாரிடமேனும் ஒப்படைத்தாலன்றி அவளால் உழைக்க இயலாது. உழைத்தாலன்றிக் குழந்தைக்கு உணவளிக்க இயலாது. தானே வீடற்றவளாகிய ஒருத்தி அப்பொறுப்பை ஏற்றாள். அகநானூற்றுச் சிறுவனை அணைத்த பரத்தையும் இலண்டன் முதியவளும் முற்றிலும் வேறுபட்ட சூழலினர். எனினும் பெறாத பிள்ளையைத் தெருவில் ஏந்திய கை என்ற அளவில் இருவரும் ஒப்புநோக்கத்தக்கவர். ஸ்மித்தின் உரை இல்லாதிருப்பின் இவ்வுறவு முழுவதும் மறைந்திருக்கும் என்பது இங்குக் கருதத்தக்கது. படம் மெய்ப்பாட்டைக் காட்டியது. உறவைச் சொல் காட்டியது.

சான்றும் பெயரும்: ரீஸ், ஹைன்

நியூயார்க்கில் காவல்துறைச் செய்தியாளராக இருந்த ஜேக்கப் ரீஸ், எரிதூளின் ஒளியைக் கொண்டு இருண்ட குடியிருப்புகளைப் படமெடுத்து 1890இல் நூலாக வெளியிட்டார். குப்பை பொறுக்கிப் பிழைத்த இத்தாலியக் குடும்பத்துத் தாய் ஒருத்தி, துணியால் சுற்றிய கைக்குழந்தையுடன் மேல்நோக்கி அமர்ந்திருக்கும் படம் அவருடைய படங்களுள் பெயர்பெற்றது. ஐரோப்பிய ஓவிய மரபில் ஊன்றிய மரியாள், குழந்தை இயேசு ஆகியோரின் சாயலைப் பார்ப்பவர் அதில் கண்டனர். அச்சாயலே வசதி படைத்த வாசகரின் இரக்கத்தைத் தூண்டிற்று. ஆனால் அதே சாயல் அவளை ஒரு குறியீடாக மாற்றி, அவள் யார் என்னும் வினாவைத் தேவையற்றதாக்கியது.

லூயிஸ் ஹைன் இதினின்று ஓரடி முன்சென்றார். எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளை 1904 முதல் படமெடுத்த அவர், 1908இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் பணியில் அமர்ந்தார். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் நள்ளிரவுத் தெருக்களில் செய்தித்தாள் விற்ற சிறுவர்களிடையேயும் அவர் எடுத்த படங்கள் 5,000க்கு மேற்பட்டவை. தம் மேற்சட்டைப் பொத்தான்களின் உயரத்தை முன்னரே அளந்து வைத்து, அவற்றைக் கொண்டு சிறுவர்களின் உயரத்தைக் கணித்து மறைவாகக் குறித்துக்கொண்டார் என்பர். பெயர், வயது, கூலி, ஊர் ஆகியவற்றை இயன்றவரை படத்தோடு பதிவு செய்தார். அவர் படங்களில் குழந்தை குறியீடாக நில்லாமல் வழக்கின் சாட்சியாக நிற்கிறது. குழந்தை உழைப்புக்கு வரம்பிட்ட அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1938இல் நிறைவேறியதற்கு இத்தகைய சான்றுகளும் துணைநின்றன.

இச்சாட்சியத்திலும் பெற்றோரின் நிலை எளிதன்று. சிற்றறையில் மேசையைச் சுற்றித் தாயும் சிறுபிள்ளைகளும் அமர்ந்து செயற்கைப் பூக்களைத் தொடுக்கும் காட்சியை ஹைன் பலமுறை எடுத்தார். சீர்திருத்தம் நாடிய வாசகர் அத்தாயைப் பிள்ளையின் உழைப்பைச் சுரண்டுபவளாகக் கொள்ளக்கூடும். பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காப்பதற்கு அவளுக்கு இருந்த வழி அதுவே என்றும் கொள்ளலாம். படம் இரண்டிற்கும் இடந்தருகிறது. அத்தாயின் சொல் படத்தில் இல்லை. பெயரைப் பதிவு செய்வதும் குரலைப் பதிவு செய்வதும் ஒன்றல்ல என்பதை ஹைனின் படங்கள் உணர்த்துகின்றன.

பெயர் கேட்கப்படாத தாய்: நிப்போமோ, 1936

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசின் மறுகுடியேற்ற நிறுவனத்துக்காகப் பணியாற்றிய டோரத்தியா லாங், 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில் பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் ஒரு தாயையும் அவளுடைய குழந்தைகளையும் படமெடுத்தார். அவற்றுள் ஒன்று புலம்பெயர் தாய் என உலகெங்கும் அறியப்பட்டது. கன்னத்தருகே விரல்களை வைத்துத் தொலைவை நோக்குகிறாள் தாய். இரு பிள்ளைகள் அவளது தோள்களில் முகம் புதைத்துத் திரும்பியுள்ளனர். மடியில் கைக்குழந்தை உறங்குகிறது. பிள்ளைகளின் முகம் தெரியாமையாலேயே அவளே அவர்களின் ஒரே புகலிடம் என்பது புலனாகிறது. மெய்ப்பாட்டின் வழி உறவைக் காட்டுவதில் இப்படம் அடைந்த வெற்றி ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

புறநானூறு 164ஐ இங்கு ஒப்புநோக்கலாம். இரண்டிலும் வறுமை, தாய், கைக்குழந்தை ஆகியவை உள்ளன. இரண்டும் வல்லமை உடையோரிடம் உதவி வேண்டுபவை. லாங்கின் படங்கள் சான்பிரான்சிஸ்கோ நாளிதழில் வெளிவந்ததும் 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப்பொருளை அரசு நிப்போமோவுக்கு அனுப்பியது. ஆனால் அதற்குள் அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. சாத்தனார் தம் இல்லத்துப் பசியைப் பாடினார். பரிசில் கிடைப்பின் அது அவ்வில்லத்துக்கே சேரும். நிப்போமோவில் பசி ஒருவருடையது, படம் வேறொருவருடையது. பயனும் வேறு பலரைச் சென்றடைந்தது.

அத்தாயின் பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என்று லாங் 1960இல் எழுதிய நினைவுக்குறிப்பில் குறிப்பிட்டார். அவளது வயது முப்பத்திரண்டு என்பதை மட்டும் அவர் கேட்டறிந்திருந்தார். அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல், படம் எடுத்து 42 ஆண்டுகளுக்குப் பின்னரே, செய்தித்தாள்வழி வெளிப்பட்டது. ஓக்லகோமா பகுதியில் பிறந்த செரோக்கி இனத்தவர் அவர் என்பதும் அதன்பின்னரே பரவலாக அறியப்பட்டது. அப்படம் எடுக்கப்படாதிருந்தால் நன்று என்றும், அதனால் தமக்கு யாதொரு வருவாயும் கிட்டவில்லை என்றும் அவர் கூறினார். அரசுப் பணியில் எடுக்கப்பட்டதாகையால் அப்படம் எவரும் பயன்படுத்தத்தக்க பொதுச் சொத்தாயிற்று. 1983இல் அவர் நோயுற்றபோது பிள்ளைகள் மருத்துவச் செலவுக்குப் பொதுமக்களிடம் உதவி கோரினர். நன்கொடைகள் வந்து குவிந்தன. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

படச்சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டதும் நோக்கத்தக்கது. பழுதான மகிழுந்தைச் சீர்செய்ய அவருடைய துணைவரும் மூத்த மகன்மார் இருவரும் அன்று ஊருக்குள் சென்றிருந்தனர் என்று குடும்பத்தார் பின்னர் கூறியுள்ளனர். படமோ ஆண்துணை அற்ற தாயைக் காட்டுகிறது. ஓர் ஏழைக் குடும்பத்தின் சிக்கலான வாழ்வு, தாய், சேய் என்னும் தூய படிமமாகச் சுருங்கியது. படிமம் நாட்டின் மனச்சான்றைத் தொட்டது. அதற்குரிய விலையை அக்குடும்பம் செலுத்தியது. இவ்விரு உண்மைகளுள் எதையும் மற்றொன்றைக் கொண்டு மறுத்தல் இயலாது.

விளையாட்டும் இசைவும்: நியூயார்க், பாரிசு

வறுமையின் சான்றாக மட்டுமே பெற்றோரையும் பிள்ளையையும் பார்த்த நிலை, கையடக்கக் கருவியின் வரவால் மாறியது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா, நடப்பவரையும் ஓடுபவரையும் நிறுத்தாமலே படமெடுக்க உதவியது. ஹெலன் லெவிட் 1930களின் பிற்பகுதி முதல் நியூயார்க்கின் ஹார்லெம் உள்ளிட்ட பகுதிகளில் தெருவையே முற்றமாகக் கொண்டு வாழ்ந்த குடும்பங்களைப் படமெடுத்தார். பக்கவாட்டில் நோக்கும் பார்வைக்கண்ணாடியை அவர் கருவியில் பொருத்தியிருந்தமையால், தாம் படமெடுக்கப்படுவதைப் பலர் உணர்ந்திலர். தள்ளுவண்டிக்குள் தலையை நுழைத்துக் குனிந்திருக்கும் ஒரு பெண்ணும், அதனைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்கும் குழந்தையும் அமைந்த படம் அவருடைய சிறந்த படங்களுள் ஒன்று. பெண்ணின் முகம் தெரிவதில்லை. குழந்தையின் சிரிப்பே அவளது அன்பைச் சொல்கிறது.

லெவிட்டின் படங்களில் இருப்போர் பெயரற்றோர். இடமும் பெரும்பாலும் நியூயார்க் என்னும் அளவிலேயே குறிக்கப்படும். ஆயினும் இப்பெயரின்மை நிப்போமோவின் பெயரின்மை போன்றதன்று. இங்கே எவரும் துயரத்தின் சின்னமாக்கப்படவில்லை. எவரிடத்தும் இரக்கம் கோரப்படவில்லை. எனினும் மறைவான பார்வை இசைவு பெற்ற பார்வை ஆகாது என்னும் குறை இப்படங்களுக்கும் உண்டு.

பாரிசில் இதற்கு இருவேறு விடைகள் கிடைக்கின்றன. ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1954இல் மூஃப்தார் தெருவில் எடுத்த படத்தில், இரு கைகளிலும் பெரிய மது போத்தல்களை ஏந்திப் பெருமிதத்துடன் வருகிறான் ஒரு சிறுவன். பெரியவர் இடும் ஏவலை முடிக்கும் சிறுவனின் பெருமிதமாக அதைப் பார்ப்பவர் உணர்கின்றனர். பெரியவர் இல்லாத படத்திலும் அவர் வைத்த நம்பிக்கை அவனது நடையில் தெரிகிறது. இது கணநேரத்தில் கவர்ந்த படம். வில்லி ரோனி 1952இல் எடுத்த படத்தில், தன்னளவு உயரமுள்ள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிச் சிரித்தவாறு ஓடுகிறான் மற்றொரு சிறுவன். ரொட்டிக்கடை வரிசையில் அவனைக் கண்ட ரோனி, உடனிருந்த பாட்டியிடம் இசைவு பெற்று, அவனைச் சிலமுறை ஓடச்செய்து அப்படத்தை எடுத்தார். தெரு ஒளிப்படத்தின் தூய்மையை வலியுறுத்துவோர் இதனை அமைத்துச் செய்த படம் என்று குறை கூறலாம். அறநோக்கில் காணுமிடத்துப் பிள்ளைக்கு உரியவரிடம் கேட்டுப் பெற்ற மகிழ்ச்சி அது. கேட்டதனால் அச்சிரிப்பின் உண்மை குறைந்துவிடவில்லை.

பொதுமையும் வரலாறும்: 1955

இவ்வகைப் படங்களை உலக அளவில் ஒன்றுதிரட்டியது எட்வர்ட் ஸ்டைக்கன் 1955 ஜனவரியில் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் அமைத்த மானுடக் குடும்பம் என்னும் கண்காட்சி. 68 நாடுகளில் 273 ஒளிப்படக் கலைஞர்கள் எடுத்த 503 படங்கள் அதில் இடம்பெற்றன. காதல், பிறப்பு, தாய்மை, விளையாட்டு, உழைப்பு, இறப்பு என வாழ்வின் நிலைகள் வரிசையாக அமைந்தன. பின்னர் அது இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்கும் சென்றது. போரில் சிதைந்த உலகுக்கு மானுட ஒருமையை நினைவூட்டுவதே அதன் நோக்கம். யூஜின் ஸ்மித் 1946இல் எடுத்த, இருளிலிருந்து ஒளியை நோக்கிக் கைகோத்து நடக்கும் இரு சிறாரின் படம் இறுதியில் வைக்கப்பட்டிருந்தது. அச்சிறார் ஸ்மித்தின் சொந்தப் பிள்ளைகள். பார்த்தவர் தந்தையே என்ற வகையில் சாத்தனார் பாடலின் நிலைக்கு நெருங்கிய படம் அது.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1957இல் வெளியான தம் நூலில் இக்கண்காட்சியைக் கடுமையாக மறுத்தார். எல்லாரும் பிறக்கின்றனர், எல்லாரும் இறக்கின்றனர் என்பது உண்மையாயினும், ஒரு குழந்தை எத்தகைய சூழலில் பிறக்கிறது, பிறக்கையில் தாய் துன்புறுகிறாளா, எத்தகைய எதிர்காலம் அதற்கு வாய்க்கிறது என்பனவே பேசப்பட வேண்டியவை என்பது அவர் வாதம். வெள்ளையரால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எமெட் டில்லின் பெற்றோரிடம் இம்மானுடக் குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றும் அவர் சுட்டினார்.

பார்த் சுட்டிய நிகழ்வு தெரு ஒளிப்படம் அன்றாயினும் இவ்வாய்வுக்குத் தேவையானது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் 14 வயது எமெட் டில் கொல்லப்பட்டான். சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்கில் சிதைந்த உடலை மூடாமல் வைக்கவேண்டும் என அவன் தாய் மேமி டில் வலியுறுத்தினார்; படமெடுக்கவும் இசைந்தார். ஜெட் இதழில் வெளியான படம் அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டத்துக்கு உந்துதல் தந்தது. மகனின் உடலை உலகம் பார்க்கவேண்டும் என்று தீர்மானித்தவர் தாய். நிப்போமோவில் பிறர் செய்த தீர்மானம் இங்குப் பெற்றவளுடையதாயிற்று. படத்தின் கொடுமை குறையவில்லை. ஆனால் அதன் பொருளை நிறுவியவர் மாறினார்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இச்சிக்கல் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் கூர்மையாக வெளிப்பட்டது. சுனில் ஜனா, பொதுவுடைமைக் கட்சிச் செயலர் பி.சி. ஜோஷியுடன் பஞ்சப் பகுதிகளில் பயணம் செய்து எடுத்த படங்கள் மக்கள் போர் என்னும் பொருளுடைய அக்கட்சியின் ஆங்கில வார இதழில் வெளிவந்தன. தெருவோரத்தில் சாவை எதிர்நோக்கியிருந்த குடும்பங்களின் அப்படங்கள் ஆட்சியாளர் மூடிமறைக்க முயன்றதை வெளிப்படுத்தின. அச்சூழலில் இசைவு கேட்பதற்கும் பெயர் கேட்பதற்கும் எவ்வளவு இடமிருந்தது என்பது எளிதில் விடை காண இயலாத வினா.

மைசூரைச் சேர்ந்த டி.எஸ். சத்யன் இதற்கு மாறான ஒரு வழியில் சென்றார். எளிய மக்களின் அன்றாட வாழ்வையும் குழந்தைகளையும் அமைதியாகப் பதிவு செய்த அவருடைய படங்கள், அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாகிய 1979இல் ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பேரழிவின்போது மட்டுமே இந்தியக் குழந்தை உலகின் கண்ணில் படவேண்டும் என்னும் நிலையை அவை மறுத்தன.

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு தொடங்கிய போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின்னர், மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும், பாப்லோ பார்த்தலோமியு வண்ணத்திலும் படமெடுத்தனர். பார்த்தலோமியுவின் படம் அவ்வாண்டின் உலகப் பத்திரிகை ஒளிப்பட விருதைப் பெற்றது. திறந்த கண்களுடன் கிடக்கும் குழந்தை. ரகு ராயின் படத்தில் அதன் நெற்றிப்புறத்தே ஒரு கை. மூடிய மண்ணை விலக்கி இறுதியாக ஒருமுறை முகத்தைக் காண முற்பட்ட கணம் அது என்று அவர் விளக்கியுள்ளார். பெற்றோரின் முகமோ குரலோ படத்தில் இல்லை. அக்கை ஒன்றே உறவு முழுவதையும் தாங்குகிறது. அறியப்படாத குழந்தை என்னும் பெயரிலேயே அப்படம் வழங்கி வருகிறது. நீதி வேண்டிய போராட்டங்களில் அது பன்முறை ஏந்தப்பட்டது. பெயரற்ற அக்குழந்தை பெயரற்று மடிந்த ஆயிரக்கணக்கானோர்க்குச் சான்றாயிற்று. ஆயினும் ஒரு பெற்றோர்க்கு அது ஆயிரத்துள் ஒன்றன்று, தம் பிள்ளை. இவ்விரண்டையும் ஒருசேர நினைவிற்கொள்ளும்போதே அப்படத்தை முழுமையாகப் பார்த்தவராவோம்.

திரும்பப் பெறப்பட்ட படம்: மினமாட்டா

மானுடக் குடும்பத்தின் இறுதிப் படத்தை அளித்த யூஜின் ஸ்மித், கால் நூற்றாண்டுக்குப் பின் இவ்வரலாற்றின் மற்றொரு திருப்பத்துக்கும் காரணரானார். ஜப்பானின் மினமாட்டாவில் வேதித் தொழிற்சாலை கடலில் கலந்த பாதரசத்தால் மீனுண்ட மக்கள் நோயுற்றனர். கருவிலிருந்த குழந்தைகளும் தாக்குண்டன. 1971இல் தம் துணைவி அய்லின் ஸ்மித்துடன் அங்குச் சென்று தங்கிய அவர், பிறவியிலேயே பாதிக்கப்பட்ட மகளைக் குளியல் தொட்டியில் தாங்கியிருக்கும் தாயைப் படமெடுத்தார். குடும்பத்தாரோடு பழகி, இசைவு பெற்று எடுத்த படம் அது. 1972இல் லைஃப் இதழில் வெளியாகி, தொழிற்சாலை மாசுக்கு எதிரான உலகக் கருத்தைத் திரட்டியது.

மகள் 1977இல் மறைந்தாள். அதன்பின்னும் படம் தொடர்ந்து வெளியிடப்பட்டது. மகள் இனியேனும் இளைப்பாறட்டும் என்பது பெற்றோரின் விருப்பமாயிற்று. ஸ்மித்துக்குப் பின் படத்தின் உரிமையைப் பெற்றிருந்த அய்லின், 1998இல் அப்படம் குறித்த முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். புதிய வெளியீடுகளுக்கு அதை வழங்குவது நிறுத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் சிறந்த ஒளிப்படங்களுள் ஒன்றாகக் கருதப்பட்ட படம், ஒரு தாய் தந்தையின் விருப்பத்துக்கு இணங்க விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஒருமுறை தந்த இசைவு எக்காலத்துக்கும் உரியதா என்னும் வினாவை இந்நிகழ்வு எழுப்புகிறது. அப்படத்தால் விளைந்த பொதுநன்மையைக் காட்டி இம்முடிவை ஏற்காதோரும் உளர். வரலாற்றுச் சான்றினை மறைத்தல் தகுமா என்னும் அவர்தம் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் படம் போற்றிய விழுமியம் பெற்றோர் தம் பிள்ளையைக் காத்தல் என்பதே. அக்காத்தலின் தொடர்ச்சியாகப் பெற்றோர் வேண்டியதை மறுத்திருப்பின், படம் தான் போற்றிய விழுமியத்துக்கே எதிராகியிருக்கும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பெற்றோர் பிள்ளை உறவைத் தெரு ஒளிப்படம் முகத்தால் காட்டுவதைவிடக் கையாலும் உடலின் சாய்வாலுமே மிகுதியாகக் காட்டியுள்ளது. இலண்டன் முதியவளின் மடியும், நிப்போமோவில் தோளில் புதைந்த முகங்களும், போபாலின் கையும் இதற்குச் சான்று. மெய்ப்பாடு பற்றிய தமிழ் மரபின் சிந்தனை இப்படங்களை விளக்கப் பெரிதும் துணைசெய்கிறது.

இரண்டாவதாக, பெயரின்மை தன்னளவில் நன்றோ தீதோ அன்று. லெவிட்டின் தெருவில் அது காப்பு. நிப்போமோவில் அது இழப்பு. பெயர் சுட்டுதலும் அவ்வாறே. ஹைனின் குறிப்பேட்டில் பெயர் சான்றாயிற்று. சில சூழல்களில் அதுவே குழந்தைக்குத் தீங்காகலாம். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இந்தியச் சிறார் நீதிச் சட்டம், 2015, அதன் 74ஆம் பிரிவில் தடுப்பதும் இதனாலேயே. பெயரும் பெயரின்மையும் யாருடைய நலன் கருதி அமைகின்றன என்பதே நோக்கத்தக்கது.

மூன்றாவதாக, பார்ப்பவரின் உரிமை உறவால் வருவது அல்லது கேட்டுப் பெறுவது. பெருந்தலைச் சாத்தனார்க்கு அது உறவால் வந்தது. ரோனி பாட்டியிடம் கேட்டுப் பெற்றார். மேமி டில் தாமே வழங்கினார். மினமாட்டாப் பெற்றோர் வழங்கியதைத் திரும்பப் பெற்றனர். லாங் கேட்காமல் விட்ட ஒரு பெயர் 42 ஆண்டுகள் கழித்துத் தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொண்டது.

இப்படங்களைக் கேட்காமல் எடுத்தமையால் மட்டுமே புறந்தள்ளுதல் பொருந்தாது. பல கொடுமைகள் அவற்றாலேயே உலகறியப்பட்டன. ஆனால் மனித விழுமியத்தைப் பதிவு செய்தவை என்று அவற்றைப் போற்றும்போது, பதிவானவர் பின்னர் கூறியதையும் அப்போற்றுதலோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். கைபேசியிலேயே கருவி அமைந்துவிட்டமையால், தெருவில் பிள்ளையோடு செல்லும் எவரையும் எவரும் படமெடுக்கத்தக்க நிலை தோன்றியுள்ளது. முன்பு ஒருசில கலைஞர்க்கு உரியதாயிருந்த இவ்வறப்பொறுப்பு இதனால் எல்லார்க்கும் உரியதாயிற்று. பிள்ளையைக் காக்கும் பெற்றோரின் கையைப் படமெடுப்பவர், அக்காவலில் தமக்கும் பங்குண்டு என்பதை உணர்தல் வேண்டும்.